நெட் அடிக்கடி கட் ஆகிறது, மோடத்தை மாற்றலாமா?

காற்றாடி: வணக்கம். வீட்டில் பிராட்பேண்ட். இரண்டு வாரமாக அடிக்கடி கட் ஆகி, ஓரிரு நிமிடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. இன்று மீட்டிங் நடுவில் இரண்டு முறை போனது. மோடம் பழசு. புதிது வாங்கினால் சரியாகுமா? அவசரம்.

மின்மினி: எந்த வகை இணைப்பு? ஃபைபரா, கேபிளா, டெலிபோன் லைனா, சிம் போடுவதா? கட் ஆகும்போது எந்த விளக்கு அணைகிறது?

தூக்கணாங்குருவி: வைஃபை சேனல்தான், சந்தேகமே வேண்டாம். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே சேனலில் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

பழையகோட்டை: பிராட்பேண்ட் என்பது இணைப்பின் வகை அல்ல. இதை எத்தனை முறை சொல்வது? டெலிபோன் லைன் மோடம் ஃபைபருக்கு ஆகாது, கேபிள் மோடம் இரண்டுக்குமே ஆகாது. வகை தெரியாமல் கடைக்குப் போனால் காசுதான் வீண். முதலில் பெட்டியின் பின்னால் என்ன ஒயர் வருகிறது என்று பாருங்கள்.

காற்றாடி: மன்னிக்கவும். மெல்லிய டெலிபோன் ஒயர். ஏடிஎஸ்எல்2+ என்று எழுதியிருக்கிறது. டிஎஸ்எல் விளக்கு மினுக்குகிறது, வைஃபை விளக்கு அப்படியே இருக்கிறது.

பழையகோட்டை: அப்படியென்றால் ஃபைபருக்கு மாறுவதுதான் வழி. ஏடிஎஸ்எல்2+ என்பது டெலிபோன் கம்பி வழியே வரும் நெட், அதன் உச்சமே நொடிக்கு 24 மெகாபிட், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளத் தள்ள அதுவும் குறையும். ஃபைபரில் யாரோடும் பங்கு போட வேண்டாம்.

கல்மரம்: அது தவறு. ஜிபான் என்னும், ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையில் நொடிக்கு 2.5 கிகாபிட்டை 32 வீடுகள், சில இடங்களில் 64 வீடுகள் கூடப் பகிர்கின்றன. கேபிளிலும் பகிர்வுதான். செம்புக் கம்பிதான் எக்ஸ்சேஞ்ச் வரை உங்களுக்கென்றே தனியாகப் போகிறது.

பழையகோட்டை: தனிக் கம்பியில் 24, பகிர்ந்த ஃபைபரில் 100. எது வேண்டும்?

கல்மரம்: வேகத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. பகிர்வு இல்லை என்றீர்கள், அதைத்தான் மறுத்தேன்.

மின்மினி: அதை அப்புறம் பேசலாம். காற்றாடி, போன் மணி அடிக்கும்போதுதான் கட் ஆகிறதா? அதே லைனில் வேறு அறையில் போன் இருக்கிறதா? குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும், ஏடிஎஸ்எல் சுமார் 25க்கு மேலே ஓடும். இரண்டையும் பிரிக்க ஒவ்வொரு போனுக்கும் ஒரு சின்ன ஃபில்டர் வேண்டும். ஒரு போனில் அது இல்லாவிட்டாலும், மணி அடித்ததும் மோடம் லைனை விட்டுவிடும். ஃபில்டரை போனுக்குத்தான் மாட்ட வேண்டும். மோடத்தை அதன் போன் துளையில் செருகினால் நெட்டே வராது.

தூக்கணாங்குருவி: வைஃபை விளக்கு நிற்கிறது என்றால் நான் சொன்னது இல்லைதான்.

காற்றாடி: பின்னறை போன்தான். பெயிண்ட் அடித்தபோது ஃபில்டரைக் கழற்றி டிராயரில் போட்டிருக்கிறார்கள். மாட்டிவிட்டு மொபைலிலிருந்து மூன்று முறை அடித்துப் பார்த்தேன், டிஎஸ்எல் விளக்கு அசையவில்லை. மோடம் வாங்கவில்லை. நன்றி மின்மினி.