அன்னம்மா திருவிழா வேன்

மெர்சி: பினாங்கு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா கோயில் திருவிழாவுக்கு வேன் புக் பண்ணணும். 10 சீட்டு. டெபாசிட் 100 வெள்ளி. யார் யார் வரீங்க? இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லுங்க

அந்தோணி: நாங்க 4

ஸ்டெல்லா பெரியம்மா: நான் வரேன். 90 மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கேன், பெட்டி வைக்க இடம் வேணும்

அந்தோணி: 90ஆ

ஸ்டெல்லா பெரியம்மா: நவநாள் 9. நாளுக்கு 10

ஸ்டெல்லா பெரியம்மா: *பகிரப்பட்டது* புனித அன்னம்மாளின் இந்த ஜெபத்தை 9 நிமிடத்தில் 9 பேருக்கு அனுப்புங்கள். அலட்சியம் செய்யாதீர்கள்!!

மெர்சி: பெரியம்மா இது மூணாவது தடவை

அந்தோணி: மாமா டைப் பண்றாரு. தே தாரிக் போட்டுட்டு வரலாம்

சூசை மாமா: நவநாள்னா ஒரே கருத்துக்காக 9 நாள் விடாம ஜெபிக்கறது. ஆண்டவர் விண்ணேறின பிறகு, ஆவியானவர் வர்ற வரைக்கும் சீடர்கள் மாதாவோட கூடி ஜெபிச்சாங்களே, அதுதான் வேர். திருநாள் ஜூலை 26. அப்ப 17ல தொடங்கி 25ல முடியணும். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா மறுநாள் தொடரு, சாபம் ஒன்னும் வராது. ஆனா 25ஆம் தேதி உக்காந்து ஒன்பதையும் ஒரே மூச்சுல படிச்சா அது நவநாள் இல்ல, வாய்ப்பாடு. 9 பேருக்கு அனுப்பற மெசேஜ் திருச்சபை எழுதினதில்ல.

சூசை மாமா: மெழுகுவர்த்திக்கு வரேன். நெருக்கி நட்டா ஒன்னோட அனல்ல பக்கத்துது வளைஞ்சு சாயும். திரி மெழுகுல முங்கி அணையும். பின்னால வர்றவங்களுக்கு இடம் வேணும்னு பாதி எரிஞ்சத சுரண்டி வாளியில போடுவாங்க. 90 வச்சா 80 வாளிக்குத்தான். ஒன்னு ஏத்து, பக்கத்துலயே நின்னு ஒரு ஜெபமாலை சொல்லு. 53 அருள் நிறைந்த மரியே, 20 நிமிஷம்.

எஸ்தர் அத்தை: எங்க சபையில மெழுகுவர்த்தியே கிடையாது

அந்தோணி: டிரம்ஸ் இருக்கே அத்தை

சூசை மாமா: கை தட்டறதும் பழகிப்போனா சடங்குதான்

எஸ்தர் அத்தை: வீட்லயும் இதேதான் கேக்கறேன் லா. எனக்கு ஒரு சீட்டு, ஜன்னல் பக்கம்

ஸ்டெல்லா பெரியம்மா: நேர்ந்தத மாத்தினா பாவம் அண்ணே

சூசை மாமா: தனிப்பட்ட நேர்த்திய அதுக்குச் சமமான, இல்ல அதைவிட நல்ல காரியமா நேர்ந்தவங்களே மாத்திக்கலாம். திருச்சபைச் சட்டம் 1197. குறைக்கணும்னாத்தான் பங்குச் சாமியார்கிட்ட போகணும்.

ஸ்டெல்லா பெரியம்மா: எது நல்லது

சூசை மாமா: மத்தேயு 5, 23-24.

அந்தோணி: ஐயோ மாமா

மெர்சி: அது எது?

சூசை மாமா: காணிக்கைய பீடத்து முன்னாலேயே வச்சிட்டு, முதல்ல போய் சகோதரனோட சமாதானம் பண்ணச் சொன்னது. நல்லா பாரு, நமக்கு அவங்க மேல மனத்தாங்கல்னு அங்க இல்ல. அவங்களுக்கு நம்ம மேல. யார் பக்கம் நியாயம்னு கேக்கவே இல்ல, எழுந்து போன்னுதான் இருக்கு.

ஸ்டெல்லா பெரியம்மா: அம்மா சங்கிலிய நான் எடுக்கல

அந்தோணி: யாரும் சங்கிலின்னே சொல்லலயே

ரீட்டா சித்தி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

மெர்சி: சாப்பாடு கட்டணுமா, அங்கேயே வாங்கலாமா?

ஸ்டெல்லா பெரியம்மா: எனக்கு வேணாம். நற்கருணை வாங்கணும், ராத்திரியிலேர்ந்து விரதம்

சூசை மாமா: நீ இன்னும் பழைய சட்டத்துலயே இருக்க. நள்ளிரவு விரதம் 1957ல 3 மணி நேரமாச்சு, 1964ல 1 மணி நேரம். அதுவும் பூசைக்கு முன்னால இல்ல, நற்கருணை வாங்கறதுக்கு முன்னால. தண்ணி, மருந்து தடையில்ல. வயசானவங்களுக்கும் நோயாளிக்கும் அந்த ஒரு மணி நேரம் கூட கட்டாயமில்ல. இன்சுலின் போட்டுட்டு வெறும் வயித்துல வெயில்ல நின்னா சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கி பிரசங்கத்துலயே சாய்வ. பசியாறிட்டு வா.

அந்தோணி: நாசி லெமாக் 10 பொட்டலம்

மெர்சி: பாவசங்கீர்த்தனம் அங்கேயே செய்யலாமா மாமா?

சூசை மாமா: இங்கேயே முடிச்சிடு, அங்க வரிசை நீளம். கடைசியா எப்ப செஞ்சோம், என்ன பாவம், கனமானதுன்னா எத்தனை தடவை. அவ்வளவுதான். மருமக செஞ்ச பாவத்தை எல்லாம் அங்க சொல்லக்கூடாது.

ஸ்டெல்லா பெரியம்மா: யாரைச் சொல்றீங்க

அந்தோணி: பிள்ளைங்க தொலைஞ்சா 1888ல கட்டின பழைய கோயில் வாசல்ல நிக்கணும். புதுக் கோயில் கூட்டத்துல தேட முடியாது

மெர்சி: தேர் அன்னிக்கா, வேற நாளா? நேரம் தெரிஞ்சாத்தான் வேன்காரர்கிட்ட சொல்ல முடியும்

சூசை மாமா: கோயில் அறிவிப்பு வரட்டும்.

ஸ்டெல்லா பெரியம்மா: 9 மெழுகுவர்த்தி கொண்டு வரேன்

ரீட்டா சித்தி: நான் பட்டர்வொர்த்லேர்ந்து கோமுட்டர் ரயில்ல வந்துக்கறேன். ஸ்டேஷன்ல இறங்கினா யார் வந்து ஏத்துவீங்க

மெர்சி: அப்ப வேன்ல 8 பேரா 9 பேரா?

அந்தோணி: பெரியம்மா டைப் பண்றாங்க

மெர்சி: 10 நிமிஷமா டைப் பண்றாங்க. நான் 9ன்னு போடறேன்