மறு: தேதி உள்ளீடு – ‘சரிபார்ப்பு’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தள மென்பொருளின் தமிழ்ச் சொற்களில், ஒருவர் இடும் தேதியை மென்பொருள் சோதித்துப் பார்ப்பதற்கு ‘சரிபார்ப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் இருந்தது. எனக்கு உடன்பாடில்லை. இந்திய ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு முதலில் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16. ஒருவர் நவம்பர் 17 என்று இட்டால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். அப்படி ஒரு நாள் காலண்டரில் இருக்கிறதே! ஆவணத்தோடு ஒப்பிட்டால்தான் தப்பு தெரியும். அதுதான் சரிபார்ப்பு. நவம்பர் 31 என்று இடும்போதே தடுப்பது வேறு வேலை. அதற்கு ‘ஏற்புச் சோதனை’ என்கிறேன்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் ‘தவறான தேதி’ என்ற ஒரே பிழைச்செய்தி. டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் 1911 வரை வந்தவர்களின் வழியில் வந்த நம் வீடுகளில், கொள்ளுப்பாட்டி பிறந்த ஆண்டு மட்டும்தான் பல பேருக்குத் தெரியும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில், மாதத்துக்கும் நாளுக்கும் சுழியம் வைத்து 1893-00-00 என்று இட முடிந்தது இதற்குத்தான் உதவியது. இதைப் போய்த் தவறு என்று எப்படிச் சொல்வது? இது ‘குறைத்தேதி’. 0000-00-00 ‘வெற்றுத்தேதி’. நவம்பர் 31-க்கு ‘ஆகாத் தேதி’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அஷ்டமி, நவமி நினைவுதான் வருகிறது. ‘பொய்த்தேதி’ போதும்.

இனி பழைய தரவு. மைஎஸ்க்யூஎல் 5.0.2 பதிப்புக்கு முன்பு மாதம் 12-க்குள், நாள் 31-க்குள் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தது. பிப்ரவரி 31-உம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. 5.7 பதிப்பில், தவறான மதிப்பை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை இயல்பிருப்பானது, அதாவது நாம் மாற்றாதவரை தானாகவே இயங்கும். அப்புறம் பழைய அட்டவணையில் ஒரு புலம் சேர்க்கப் போனாலே வெற்றுத்தேதியைக் கண்டு பிழை காட்டி நின்றுவிடும். பழைய தேதிகளை அப்படியே ஏற்று இதைத் தவிர்க்கும் அமைப்புக்குப் ‘பின்னோக்கிய ஒத்திசைவு’ என்று பெயர் வைத்தால், ஞாயிறு வகுப்பில் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வாயிலும் நுழையாது, என்ன நடக்கும் என்றும் புரியாது. ‘பழநடை காத்தல்’ எப்படி? லோட்டஸ் 1-2-3 என்ற பழைய விரிதாள் மென்பொருள் செய்த பிழையை ஒட்டி, இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐ எக்செல் இன்னும் வைத்திருக்கிறதே, அது முழுக்கப் பழநடை காத்தல்தான்.

என் கருத்து: புதிய தரவுத்தளத்தில் பழநடை காத்தல் அணைந்தே இருக்கட்டும். பழையதைத் திறந்தால் இயங்கட்டும். ஆனால் பொய்த்தேதி உள்ள வரிகளைப் பட்டியலிட்டுக் காட்ட வேண்டும், தானாகத் திருத்தவே கூடாது. குறைத்தேதியை இரண்டிலும் ஏற்றுக்கொள்ளலாம். ‘வெற்றுத்தேதி’க்கு மட்டும் யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், ஒன்றுமே நிரப்பாத கட்டத்தோடு அது குழம்புகிறது.