ஆவாரம்பாளையத்தை விட்டு வந்த பிறகு புரிந்த கணக்கு

கோவை ஆவாரம்பாளையத்தில் ஒன்பது வருடம் ஜாப் ஒர்க் பட்டறை, அதாவது மற்றவர்களின் ஆர்டருக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் பட்டறை வைத்திருந்தேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்). முக்கால்வாசி பம்புசெட் ஷாஃப்ட் வேலைதான். வாடகை 26,000 ஆனதும் 2019-ல் ஊருக்கு வெளியே அரசூர் பக்கம் போனேன். அங்கே 12,000, இடமும் இரண்டு மடங்கு. மாதம் 14,000 கையில் நிற்கும் என்று நம்பினேன். நிற்கவில்லை.

பழைய இடத்தில் ஷாஃப்டைக் கடைந்து முடித்தால் அதில் கீவே என்கிற பள்ளம் வெட்டப் பக்கத்துச் சந்து, கிரைண்டிங்குக்கு எதிர்வரிசை, சூடாக்கி உறுதியாக்கும் ஹீட் ட்ரீட்மெண்டுக்குப் பக்கத்து ஏரியா கணபதி. பையன் சைக்கிளிலேயே கொடுத்துவிட்டு வருவான். அரசூரில் ஒருநாள் மாலை 4 மணிக்கு சிஎன்சியில் இன்சர்ட் (இரும்பை வெட்டும் முனை) உடைந்தது, கையிருப்பு இல்லை. டவுனுக்குப் போய் வாங்கித் திரும்பும்போது மணி ஏழு. ஆபரேட்டர் ஷிஃப்ட் முடிந்து கிளம்பிவிட்டார். மறுநாள் காலை போக வேண்டிய 60 ஷாஃப்ட் போகவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு, தெருவில் நடந்து வரும் வேலை. பம்ப் ரிப்பேர்காரர் தேய்ந்த ஷாஃப்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, "அண்ணா, சாயங்காலத்துக்குள்ள வேணுங்க" என்பார். கையோடு காசு. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 சட்டம் சொல்கிறது. ஆனால் கம்பெனி பில் 90 நாள் இழுக்கும்; கேட்டால் அடுத்த ஆர்டர் வராதோ என்று பயம். அப்போதெல்லாம் சனிக்கிழமைச் சம்பளத்தைக் காப்பாற்றியது அந்த ரிப்பேர் காசுதான்.

பதில்:
எங்களுக்கு நேர்மாறுங்க. நாங்க ஃபவுண்டரி, இரும்பை உருக்கி வார்க்கிறவங்க. ஊருக்குள் இருந்தவரை புகை, மணல் தூசி என்று அக்கம்பக்கத்தில் தினம் சண்டை. லாரி உள்ளே திரும்பாது, இரவில் உருக்க முடியாது. வெளியே வந்த பிறகுதான் இரண்டு ஷிஃப்ட் ஓட்டி லாபம் பார்த்தோம். வார்ப்பு எடைச் சரக்கு, மொத்தமாக ஏற்றி அனுப்பினால் முடிந்தது. உங்களைப்போல நாளைக்கு நாலு பட்டறை ஏறி இறங்கும் வேலை இல்லைங்க.

முதலில் எழுதியவர்:
உண்மைதாங்க. சிஎன்சி வேலையை அரசூரிலேயே வைத்துக்கொண்டு, போன வருடம் ஆவாரம்பாளையத்தில் ஒற்றை ஷட்டர் கடை ஒன்று பிடித்தேன். வாடகை 7,000. பழைய லேத் ஒன்றை அங்கே போட்டிருக்கிறேன். இரண்டாவது வாரமே, துணியில் சுற்றிய ஷாஃப்டோடு பழைய ஆள் ஒருவர் வந்து நின்றார்.