டேனிஷ் தேக்கு நாற்காலி: முதலில் கைப்பிடியின் ஓரத்தைப் பாருங்கள்

1950-களின் டேனிஷ் தேக்கு நாற்காலி வாங்க ஆசைப்படுகிறவர்கள், முதலில் கைப்பிடியின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். டிசைனர் பெயர், விலை, துணியின் நிறம் எல்லாம் அப்புறம். கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து இந்த நாற்காலிகளைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதைச் சொல்வதற்கு முன்னாலும் இதைத்தான் சொல்வேன்.

என்னிடம் இருப்பது ஃபின் யூல் வடிவமைத்த 'ஸ்பேட்' ஈஸி சேர். கைப்பிடி முன்னால் வரவர அகன்று, மண்வெட்டித் தகடு மாதிரி தட்டையாக முடியும். பெயரும் அதனால் வந்ததுதான். யூலின் புகழ்பெற்ற 'சீஃப்டன்' நாற்காலி, 1949-இல் நீல்ஸ் வோடரின் பட்டறையில் கைவேலையாகச் செய்து கண்காட்சிக்கு வந்தது. டென்மார்க் ராஜாவே அதில் உட்கார்ந்து பார்த்தார். 'ஸ்பேட்' அப்படிப்பட்டது இல்லை. சாதாரண வீடுகளுக்குப் போவதற்காக ஃபாக்டரியில் செய்தது. ஆனாலும் அந்தக் கைப்பிடியின் வளைவில் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கு இந்த நாற்காலிமேல் இவ்வளவு மரியாதை வந்ததற்கு அதுதான் காரணம்.

கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் ராவ்ன்ஸ்போர்கேட என்று ஒரு தெரு. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனது. அங்கே ஒரு கடையில் இதே மாடலில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒன்று புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. வார்னிஷ் பூசி, புதுக் குஷன் போட்டிருந்தார்கள். இன்னொன்று மங்கிப்போய், இடது கைப்பிடியில் காபிக் கோப்பை வைத்த வெள்ளை வளையத்தோடு நின்றது. முதல் நாற்காலிக்கு விலை அதிகம். ஆனால் அதன் கைப்பிடியைத் தொட்டதும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஓரம் முழுக்க ஒரே மாதிரி உருண்டிருந்தது. மெஷினில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தள்ளியிருக்கிறார்கள். மங்கிய நாற்காலியிலோ கைப்பிடி வெளிப்பக்கம் வரவர மெலிந்து, கடைசியில் ஒரு தெளிவான கோடாக முடிந்தது. கையை வைத்தால் விரல்கள் தானாக அந்தக் கோட்டைத் தேடிப் போகின்றன. யூல் வரைந்தது அந்தக் கோட்டைத்தான். தேய்த்துவிட்டால் அதை யாராலும் திருப்பித் தர முடியாது. மங்கியதையே வாங்கினேன்.

நாற்காலியின் மரச்சட்டத்தில் பதித்திருக்கும் சின்ன உலோக வில்லையில் 'ஃப்ரான்ஸ் அண்ட் டாவர்கோசன்' என்று இருந்தது. இந்தக் கம்பெனி 1957-இல் 'ஃப்ரான்ஸ் அண்ட் சொன்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஆக, பழைய பெயர் இருந்தால் நாற்காலி அதற்கு முந்தையது. கம்பெனியை நடத்திய சார்ல்ஸ் ஃப்ரான்ஸ் ஓர் ஆங்கிலேயர். மெத்தைத் தொழிலிலிருந்து மரவேலைக்கு வந்தவர். தேக்கை மெஷினில் அறுப்பது அந்தக் காலத்தில் பெரிய தலைவலி. மரத்துக்குள்ளேயே சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகு பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். இவர்கள் எஃகைவிடக் கடினமான கார்பைடு முனை வைத்த பிளேடுகளைக் கொண்டுவந்த பிறகுதான் தேக்கு நாற்காலியை ஃபாக்டரியில் எண்ணிக்கையில் செய்ய முடிந்தது. பிரித்துப் பெட்டியில் அடுக்கி அமெரிக்காவரை அனுப்பினார்கள்.

பழுது பார்த்தவர் கோபன்ஹேகனின் ஆமா (Amager) தீவில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். சனிக்கிழமைகளில் வந்து பார்க்கலாம் என்று அனுமதித்தார். அவர் முதலில் செய்தது, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக அசைத்துப் பார்த்தது. முன்கால் சேரும் இடத்தில் ஒரு மூட்டு ஆடியது. அதை மட்டும் கழற்றி, மரமுளையில் ஒட்டியிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்தார். புதுப் பசை வைப்பதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தார். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அது மேலே இருந்தால் பசை பிடிக்காது. கிளாம்ப் போடும் இடத்தில் தோல் துண்டு வைத்து மெல்ல இறுக்கினார். மற்ற மூட்டுகள் உறுதியாக இருந்ததால் அவற்றைத் தொடவே இல்லை.

அழுக்கை டர்பன்டைனால் எடுத்தார். அப்புறம் மிக நைஸான எஃகு நாரில் (ஸ்டீல் உல்) எண்ணெய் தொட்டு, ரேகை ஓடும் திசையிலேயே கையால் தேய்த்தார். காய்ந்த இலை நிறத்தில் கிடந்த மரம் கண்ணெதிரே தேன் நிறத்துக்கு வந்தது. கோப்பை வளையம் பாதிக்குமேல் மறைந்துவிட்டது. மிச்சத்தையும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுக்கலாம், ஆனால் அந்த இடத்தில் கைப்பிடி மெலியும், பரவாயில்லையா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டிலேயே எண்ணெய் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஆளி விதை எண்ணெய் கலந்த தேக்கு எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடாகித் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வையுங்கள், இல்லையென்றால் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் பிரேசில் ரோஸ்வுட் நாற்காலி ஒன்றை வாங்கி, சென்னைக்கு அனுப்பப் பார்த்தார். அந்த மரம் 1992 முதல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றிதழ் இல்லாமல் நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது. தேக்குக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அந்தக் கால நாற்காலிகளுக்குத் தேக்கு போன தாய்லாந்து இயற்கைக் காடுகளில் 1989-இலேயே மரம் வெட்டத் தடை வந்துவிட்டது. 2014-இல் பர்மாவும் அறுக்காத மரத்தடிகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. அதனால்தான் இந்த மரத்தில் ஒரு சீவல் வீணாவதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னும் முடியாமல் இருப்பது குஷன். மெத்தைத் தொழிலிலிருந்து வந்த கம்பெனி இல்லையா, உள்ளே ஸ்பிரிங் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் ஃபோம் வைத்தால் உட்காரும் உயரமே மாறிவிடும். கைப்பிடி கைக்கு எட்டும் விதமும் மாறும். துணியை முடிவு செய்துவிட்டேன்: டேனிஷ் டிசைனர் நன்னா டிட்ஸல் 1965-இல் வடிவமைத்த ஹாலிங்டால் என்ற கம்பளித் துணி, அடர் பச்சை. நாற்காலியைவிட வயதில் இளையதுதான், ஆனால் அதன் கனம் இந்த மரத்துக்குப் பொருந்துகிறது. பழைய ஸ்பிரிங்கை அப்படியே வைத்துத் திரும்பத் தைத்துத் தரும் ஆள் கோபன்ஹேகன் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.