டிக்கி நிறைய சாமான், முன்னால் 1.5 லிட்டர் டர்போ: இந்த எஸ்டேட்டுக்கு இந்த இன்ஜின் போதுமா?

நீள்கூரை:
வணக்கம். எனக்கு எஸ்டேட்தான் வேண்டும், அதாவது செடானின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி டிக்கியைப் பெரிதாக்கிய கார். எஸ்யூவி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், அந்தப் பக்கம் யாரும் இழுக்காதீர்கள். வீட்டில் நாலு பேர், கூடவே ஒரு பெரிய நாய்.

பழைய வண்டிதான் பார்க்கிறேன். மனதில் இருப்பது 2016 பிஎம்டபிள்யூ 318ஐ டூரிங் (டூரிங், அவான்ட், காம்பி எல்லாம் எஸ்டேட்டுக்குக் கம்பெனிகள் வைத்த பெயர்), பெட்ரோல், 8 கியர் ஆட்டோமேட்டிக். 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ (புகைக்காற்றால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி). 136 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. ஆடி ஏ4 அவான்ட் 1.4 (150, 250), மெர்சிடிஸ் சி180 எஸ்டேட் 1.6 (156, 250) இரண்டையும் ஒதுக்கிவிடவில்லை.

318ஐ-யைப் பார்க்கப் போனபோது பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறந்து காட்டினார்கள். பெரிய கதவைத் தூக்காமலே கைப்பையை உள்ளே போட்டு எடுக்கலாம். அங்கேயே மனசு போய்விட்டது. ஆனால் நாலு பேரும் நாயும் சாமானும் ஏறிய பிறகு, ஏற்றத்தில் 1.5 லிட்டர் திணறுமோ என்ற பயம் போகவில்லை. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஆறு சிலிண்டர்:
வாங்காதீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

எஸ்டேட் என்பது சுமப்பதற்கென்றே செய்த வண்டி. அதில் வரிசையிலேயே மிகச் சின்ன இன்ஜினை வைப்பது அடிப்படையே தப்பு. செடானில் தனியாக ஆபீஸ் போய் வருகிறவருக்கு 318ஐ போதும். காலி வண்டியே சுமார் 1,500 கிலோ, நீங்கள் அதன் மேல் 400 கிலோ ஏற்றப் போகிறீர்கள். அந்த இன்ஜின் நாள் முழுக்க உச்சத்திலேயே உழைக்கும். உழைக்கிற டர்போ பெட்ரோலைக் குடிக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மூன்று சிலிண்டரின் அதிர்வு ஸ்டீயரிங்கில் கைக்குத் தெரியும். இவ்வளவு கொடுத்து வாங்கும் வண்டியில் அது எதற்கு?

இழுவிசை:
ஆறு சிலிண்டர் அவர்களே, "உச்சத்திலேயே உழைக்கும்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

மொத்தம் 1,900 கிலோ. 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் மலைப்பாதை. வேகம் 60 கி.மீ. எடையை மேலே தூக்க மட்டும் ஏறக்குறைய 25 கிலோவாட். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இன்னொரு 5. ஆக 30 கிலோவாட். இந்த இன்ஜினின் உச்சம் 100 கிலோவாட். மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான் வேலை.

இன்னொன்று. இதன் 220 டார்க் நிமிடத்துக்கு 1,250 சுற்றிலேயே முழுதாக வந்துவிடுகிறது. 1,500 சுற்றில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 35 கிலோவாட். அதாவது கியர் குறைக்காமலே அந்த ஏற்றத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கும். இதற்கு முந்தைய தலைமுறை 318ஐ-யில் டர்போ இல்லாத 2 லிட்டர் இருந்தது. 143 குதிரைத்திறன், 190 டார்க், அதுவும் 4,250 சுற்றில். காகிதத்தில் அது பெரிய இன்ஜின். ஏற்றத்தில் அதைத்தான் கதற விட வேண்டும். உயரமான மலையில் காற்று மெலியும்போது அது இன்னும் சோரும். டர்போ அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

லிட்டரைப் பார்த்து இன்ஜினை எடை போடுகிற காலம் முடிந்துவிட்டது.

ஆறு சிலிண்டர்:
கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் போட்டது வேகத்தைப் பிடித்து வைக்கும் கணக்கு. உயிர் பயம் வருவது அங்கே இல்லை, ஓவர்டேக்கில்.

அதே 1,900 கிலோ. சமதரையில் 80-லிருந்து 120 கி.மீ. வரை. கியர்பாக்ஸ் இழப்பு, காற்று எல்லாம் கழித்தால் 136 குதிரைத்திறனுக்கு என் கணக்கில் சுமார் எட்டரை நொடி. அதே பாடியில் 320ஐ, 184 குதிரைத்திறன், அதற்குச் சுமார் 6 நொடி. இரண்டரை நொடிதானே என்று தோன்றும். அந்த வேகத்தில் இரண்டரை நொடி என்றால் ஏறக்குறைய 70 மீட்டர். எதிர்ச் சாரியில் 70 மீட்டர் கூடுதலாக நிற்பது, அதுவும் பின்சீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு! எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

எண்ணெய்க்கறை:
ரெண்டு பேரும் நல்லாத்தான் சொல்றீங்க. நான் பட்டறையில் இருக்கிறவன், வேற பக்கத்திலிருந்து சொல்றேன். நீள்கூரை சார், நீங்க வாங்கப் போறது புது வண்டி இல்ல. அதனால 136-ஆ 184-ஆன்னு கேக்குறதுக்கு முன்னாடி, முன்னால வச்சிருந்தவர் ஆயிலை எப்படி மாத்தினார்னு கேளுங்க.

இந்த வண்டியில் கணினியே ஆயில் மாத்தும் தேதியைச் சொல்லும். 30,000 கி.மீ. இல்லேன்னா 2 வருஷம் வரைக்கும் கூட இழுக்கும். நான் பாதியிலேயே மாத்தச் சொல்வேன். சின்ன டர்போ இன்ஜினில் ஆயில் ஒண்ணுதான் எல்லாம். டர்போ தண்டு ஆயில் படலத்து மேலதான் சுத்துது, அதுக்குப் பக்கத்திலயே புகைக்காத்து கொதிக்குது. பக்கத்துப் பக்கத்துல மட்டும் ஓட்டினா இன்ஜின் முழுசா சூடாகாது, பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா ஆயிலில் கலந்து அதை நீர்க்க வச்சிடும். ஆயில் அளவு பாக்குற ஸ்டிக்கைத் தொட்டு மோந்து பார்த்தாலே பெட்ரோல் வாசனை தெரியும். ஸ்டிக் இல்லாத வண்டியில ஆயில் மூடியைத் திறந்து மோந்து பாருங்க.

ரெண்டாவது, சிலிண்டருக்குள்ள நேரா பெட்ரோலைப் பீச்சுற முறை. பழைய முறையில பெட்ரோல், காத்து உள்ள வர்ற இன்டேக் வால்வைக் கழுவிட்டுத்தான் உள்ள போகும். இதில் கழுவ ஒண்ணுமில்ல, வால்வு முதுகுல கரி ஏறும். வால்நட் ஓட்டுத் தூளை அடிச்சு எடுக்கலாம், எடுத்தப்புறம் வண்டி நிக்கிறப்போ இன்ஜின் ஓடுற சத்தமே மாறும்.

மூணாவது. இந்த 1.5-ல, வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கிற டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. செயின் வேலைன்னு வந்தா கியர்பாக்ஸை இறக்கணும். அதனால காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பக்கத்துல நின்னு காது கொடுங்க. வித்தவர் முன்கூட்டியே சூடு பண்ணி வச்சிருந்தா, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க.

கடைசியா, 1,300 சுற்றில் போயிட்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் தரையோட மிதிக்கிற பழக்கம் வேண்டாம். குறைஞ்ச சுற்றில் டர்போவோட முழு அழுத்தத்தையும் ஏத்தினா ஸ்பார்க்குக்கு முன்னாடியே கலவை பத்திக்கும். பிஸ்டனையே உடைக்கும் அது. 2020-ல வந்த ஏபிஐ எஸ்பி ஆயில் தரத்தில் இதுக்குன்னே ஒரு சோதனை வச்சிருக்காங்க. கம்பெனி சொன்ன தர ஆயிலைத் தவிர வேற எதையும் ஊத்தாதீங்க.

பின்சீட்:
எண்ணெய்க்கறை அண்ணன் ஆயிலைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. எங்களிடம் வேறொரு சின்ன டர்போ பெட்ரோல் வண்டி இருந்தது. கணினி சொன்ன தேதிதான் வேதம் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். ஒருநாள் சிக்னலில் நின்று கிளம்பினோம், பின்னால் நீலப்புகை. டர்போ சீல் போய்விட்டது. அப்பா அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் என் கேள்வி வேறு. இடம் வேண்டும் என்றால் ஏன் இந்த மூன்று வண்டிகள்? 318ஐ டூரிங்கின் டிக்கி 495 லிட்டர், சி கிளாஸ் 490, ஏ4 அவான்ட் 505. ஸ்கோடா சூப்பர்ப் காம்பி 660 லிட்டர்! இன்ஜின் சின்னது, டிக்கியும் சின்னது, பிறகு எதற்குக் கூடுதல் பணம்?

இழுவிசை:
பின்சீட், அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பணம் போவது இன்ஜினுக்கு இல்லை. பெரிய இன்ஜின் வண்டியில் இருக்கும் அதே பாடி, அதே 8 கியர் பெட்டி, பின்சக்கர இழுவை, எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்து நிற்பது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு லேசாகத் திரும்பும். மூன்று சிலிண்டர் இலகுவானது, அதனால் இன்னும் லேசாக. ஆறு சிலிண்டர் 340ஐ ஓட்டியவன் நான், நேரான சாலையில் அதற்கு இது உறை போடக் காணாது. ஆனால் குறுகிய வளைவுகளில் 318ஐ-யின் முன்பக்கம் எனக்கு அதிகம் பிடித்தது.

இந்த வண்டி பிறந்த கதையும் இடத்தேவைதான். மாக்ஸ் ரைஸ்பக் என்ற பிஎம்டபிள்யூ ஊழியருக்குக் குடும்பம் பெருத்தது, 3 சீரிஸ் செடானில் இடம் போதவில்லை. அடிபட்ட ஒரு வண்டியை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி ஒட்டித் தானே எஸ்டேட் ஆக்கினார். கம்பெனி அதைப் பார்த்துவிட்டு, 1987-ல் டூரிங்கை உலகத்துக்குக் காட்டியது.

ஆறு சிலிண்டர்:
அந்த டூரிங்கில் 325ஐ இருந்தது, ஆறு சிலிண்டர். கதையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கேட்கிறேன். இந்த 1.5 இவ்வளவு நல்லது என்றால், பிஎம்டபிள்யூவே அடுத்த தலைமுறை 318ஐ-யில் ஏன் 2 லிட்டருக்குத் திரும்பியது? 156 குதிரைத்திறன், 250 டார்க். ஆடியும் ஏ4-ல் 1.4-ஐ எடுத்துவிட்டு, அதே 150 குதிரைத்திறனுக்கு 2 லிட்டர் வைத்தது. திறன் கூடவில்லை, கொள்ளளவு மட்டும் கூடியது. பெட்ரோல் செலவையும் புகையையும் அளக்கும் பழைய ஆய்வகச் சோதனையில் வண்டியை மெதுவாகத்தான் ஓட்டுவார்கள், அதில் சின்ன இன்ஜின் ஜெயிக்கும். 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் கடுமையான டபிள்யூஎல்டிபி சோதனை வந்தது, சாலையிலும் புகையை அளந்தார்கள். மிதித்து ஓட்டினால் சின்ன டர்போ, சூட்டைத் தணிக்கக் கூடுதல் பெட்ரோலைப் பீச்சுகிறது. கம்பெனிகளே கற்ற பாடம் இது.

இழுவிசை:
எல்லாக் கம்பெனியும் இல்லை. மெர்சிடிஸ் நேர் எதிராகப் போனது. சி180 முன்பு 1.6. 2021-ல் வந்த சி கிளாஸில் அது 1.5, 170 குதிரைத்திறன். கூடவே 48 வோல்ட் மின்மோட்டார், டர்போ மூச்சுப் பிடிக்கும் வரை அது தள்ளிவிடும். அந்தத் தலைமுறையில் சி63 வரை எல்லாமே நாலு சிலிண்டர்தான்.

ஆறு சிலிண்டர்:
மின்மோட்டார் உதவி தேவைப்பட்டது என்பதே என் பக்கத்துக்குச் சாட்சி. நீள்கூரை பார்க்கும் 2016 வண்டியில் அந்த உதவி கிடையாது.

நீள்கூரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று 318ஐ-யை மறுபடி ஓட்டினேன், இந்தமுறை தனியாக இல்லை. நாலு பேரையும் ஏற்றி, நாயையும் ஏற்றி, டிக்கியில் மீதி இடத்தில் தண்ணீர்க் கேன்களை வைத்துக் கட்டினேன். விற்பவர் ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் சம்மதித்தார். காலையில் போனதால் இன்ஜின் குளிர்ந்திருந்தது. எண்ணெய்க்கறை சொன்னபடி பக்கத்தில் நின்று கேட்டேன், செயின் சத்தம் எதுவும் இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் 14,000, 15,000 கி.மீ. இடைவெளியில் மாறியிருக்கிறது.

ஏற்றத்தில் இழுவிசை சொன்னதுதான் நடந்தது. திணறவே இல்லை. முள் 2,000-ஐத் தாண்டாமல் ஏறியது, மனைவி என்னோடு சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வந்தாள். அதிர்வு சிக்னலில் நின்று இன்ஜின் தானாக அணைந்து எழும்போது மட்டும் தெரிந்தது, ஒரு குலுக்கல், அவ்வளவுதான்.

இருவழிச் சாலையில் ஒரு லாரியைத் தாண்டப் போனேன். மிதித்தேன், கியர் இறங்கியது, சத்தம் வந்தது, வேகம் வரக் காத்திருந்தேன். எதிரே ஒரு வண்டி கண்ணில் பட்டதும் காலை எடுத்துவிட்டு லாரிக்குப் பின்னாலேயே வந்துவிட்டேன். ஆபத்தாக எதுவும் ஆகவில்லை. ஆனால் பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது.

ஆறு சிலிண்டர்:
காலை எடுத்தது சரியான முடிவு. அதற்குப் பிறகு அந்த லாரியைத் தாண்டினீர்களா?

நீள்கூரை:
சாலை நாலுவழி ஆன பிறகு தாண்டினேன். என் ஓட்டத்தில் இருவழிச் சாலை பாதிக்கு மேல் இருக்கிறது. அதே ஆண்டு 320ஐ டூரிங் ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம். அதே தண்ணீர்க் கேன்களோடு, அதே சாலையில் அதையும் ஓட்டிப் பார்க்கிறேன். 318ஐ விற்பவரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

எண்ணெய்க்கறை:
320ஐ-யையும் குளிர்ந்த இன்ஜினிலேயே கேளுங்க சார். ஆயில் புத்தகம் இல்லாத 184-ஐ விட, புத்தகம் இருக்கிற 136 மேல்.