கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டி

ஸ்டோர்காரர், மதுரை

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டோர் பார்த்தவன் நான். பெயர் வேண்டாம். செலவு ஏறுகிறது என்று நிர்வாகம் கையைப் பிசைந்தபோது எல்லோர் கண்ணும் ஆள் குறைப்பின் மீதுதான் போனது. அந்தச் சமயத்தில் கைசன், அதாவது வேலை செய்பவர்களே வேலையைச் சிறுகச் சிறுகச் சீர்செய்துகொண்டே போகும் முறை, சொல்லித்தர ஒருவர் வந்தார். ஜப்பான், டொயோட்டா என்று அவர் ஆரம்பித்ததும், காருக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அவர் அதிகம் பேசவில்லை. வார்டு அலமாரிகளைத் திறந்து, தேவையில்லாதவற்றுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டச் சொன்னார். ஆயாம்மா ஒருவர் தயங்கித் தயங்கி, சிஸ்டர் அறைக் கட்டிலுக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே கேனுலா, ஐ.வி. செட், தையல் நூல். நூலில் பாதி காலாவதி. அதே நூலைத்தான் முந்தின வாரம் அவசரம் என்று கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தேன்.

சத்தம் போட வாயெடுத்தேன். சிஸ்டர் முந்திக்கொண்டார்: "காலையில் இண்டென்ட் போட்டால் சாயங்காலம்தானே சார் கொடுக்கிறீர்கள்? ராத்திரி நோயாளி வந்தால் நான் எதைப் போடுவது?"

பதுக்க வைத்தவனே நான்தான்.

பிறகு இரண்டு பெட்டி முறை வந்தது. முன்பெட்டி தீர்ந்ததும் அதிலுள்ள அட்டை என்னிடம் வரும். பின்பெட்டி தீர்வதற்குள் நான் நிரப்ப வேண்டும். காலாவதி நெருங்கியது முன்னால், புதுச்சரக்கு பின்னால். மளிகைக்கடை அண்ணாச்சிக்குத் தெரிந்த வித்தைதான். அவசரக் கொள்முதல் அநேகமாக நின்றது. ஆள் யாரையும் அனுப்பவில்லை.

செவிலியர், திருமங்கலம்

கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் கைசன் என்றால் கையுறையைக் குறை என்று அர்த்தம். ஆலோசனைப் பெட்டி வைத்தார்கள். சாவி யாரிடம் என்று கடைசி வரை தெரியவில்லை. கையுறையில் மிச்சம் பிடித்துத் தொற்று வந்தால் ஆன்டிபயாடிக்குக்கு எவ்வளவு போகும் என்று கேட்க ஆளில்லை.

மேலூர்க்காரன்

அப்பத்தாவுக்குக் கண்புரை அறுவை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில்தான். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒருவருக்கு முடியும்போது பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டால் போதும். வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்று 1992இல் ஆரோலேப் தொடங்கி, லென்ஸையும் தாங்களே செய்தார்கள். அப்பத்தாவுக்கு மட்டும் ஒரு குறை: "பக்கத்தில் படுத்திருந்தவளிடம் எந்த ஊர் என்று கேட்பதற்குள் என்னை எழுப்பிவிட்டார்களே!"

ஸ்டோர்காரர், மதுரை

சிஸ்டர், எங்களிடம் ஆலோசனைப் பெட்டியே கிடையாது. அந்த ஆயாம்மாவையே அலமாரிகளுக்குப் பொறுப்பாக்கினோம். முதல் நாளே என் அறைக்கு வந்து நின்றார்: "சார், உங்கள் மேசைக்கடியில் ஒரு பெட்டி இருக்கிறதே, அதில் என்ன?"