இரவில் கார் படம்: மதுரைப் பக்கம் எடுக்கிறவர்களின் அனுபவப் பகிர்வு

ஒத்தக்கடை எஸ்டீம்:

மதுரையைச் சுற்றி இரவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் சந்தித்ததை இங்கே எழுதுங்கள். எந்த இடம், என்ன அமைப்பு, படம் எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்று சொன்னால் அடுத்தவருக்கு உதவும். ஆனைமலையிலிருந்து நான் தொடங்குகிறேன்.

ஒத்தக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தி மலையைப் பின்னணியில் வைத்தால், பொழுது சாய்ந்த கொஞ்ச நேரத்தில் மலை இருட்டோடு இருட்டாகப் போய்விடும். நிற்கிற திசைதான் காரணம். நகரம் மலைக்குத் தென்மேற்கே இருக்கிறது. மேலூர்ப் பக்கம் தள்ளிப் போய், நகரை நோக்கி கேமராவை வைத்தால், நகர வெளிச்சம் மலைக்குப் பின்னாலிருந்து வானத்தில் ஏறும். படுத்த யானையின் முதுகுக் கோடு இரவு எட்டு மணிக்கும் தெளிவாக விழும். அந்திச் செம்மையும் ஏறக்குறைய அந்தப் பக்கமே.

இன்னொன்று, நம்மூர் அந்தி ரொம்பக் குட்டை. வெளிநாட்டு வீடியோக்களில் 'நீல நேரம்' (அந்தியில் வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும் நேரம்) முக்கால் மணி, ஒரு மணி என்று சொல்வதை இங்கே நம்பக்கூடாது. சூரியன் மறைந்து 15 நிமிடம் கழித்துத் தொடங்கி, 35 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள்ளும் வெளிச்சம் சுமார் மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, இறங்கிக்கொண்டே போகும். அதாவது 2 நொடியில் சரியாக இருந்த படத்துக்கு மூன்று நிமிடம் கழித்து 4 நொடி, ஆறு நிமிடம் கழித்து 8 நொடி. நவம்பர் கடைசியில் அஸ்தமனம் 5.50-ஐ ஒட்டி, ஜூலையில் 6.40 தாண்டி. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே வண்டி, முக்காலி, ஃபோகஸ் மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

முகப்பு விளக்கு விஷயத்தில்தான் அதிகப் படங்கள் வீணாகின்றன. 20 நொடி எக்ஸ்போஷர் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) முழுக்க லோ பீம் எரிந்தால் விளக்கு இருக்கிற இடம் வெள்ளை ஓட்டையாகிவிடும், கண்ணாடிக்குள்ளிருக்கும் அழகு எதுவும் மிஞ்சாது. பார்க்கிங் லைட் என்றால் 2-3 நொடி, லோ பீம் என்றால் ஒரு நொடிக்கும் கீழே. ஒருவர் உள்ளே உட்கார்ந்து போட்டு அணைத்தால் வண்டி ஆடும், அதனால் கதவுக்கு வெளியே நின்று கையை மட்டும் உள்ளே விட்டுப் போடுங்கள். இல்லையென்றால் கால் நொடியில் விளக்குக்கென்று தனியாக ஒரு ஃபிரேம் எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

திருநகர் ஸ்விஃப்ட்:

அண்ணே, என் வண்டி கறுப்பு. தெருவிளக்குக்குக் கீழே நிறுத்தினால் பானட் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது, மற்ற இடமெல்லாம் குழி மாதிரி இருட்டு. விளக்குக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனால் சரியாகுமா?

பாலியோ 1.6:

ஆகாது தம்பி, இன்னும் மோசமாகும். கறுப்பு வண்டிக்குத் தனி நிறம் என்று கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. சுற்றி என்ன இருக்கிறதோ அதுதான் அதன் மேல் தெரியும். தெருவிளக்கு சின்ன வெளிச்சம், அதனால் சின்னப் புள்ளி. பெரிய, நீளமான வெளிச்சத்தைக் காட்டினால் உடம்புக் கோடு முழுதும் நீளமாகத் தெரியும். அதை நாமே செய்துகொள்ளலாம்.

வேண்டியவை: ஒரு மீட்டர் 5050 எல்இடி ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 விளக்கு, 4000 கெல்வின் நிறம் (மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட வெள்ளை). அதை ஒட்ட அலுமினிய சேனல், மேலே பால் நிற மூடி. மூடி இல்லாவிட்டால் கதவில் அறுபது புள்ளி தெரியும். 12 வோல்ட் டிம்மர் ஒன்று. மின்சாரத்துக்கு 18650 செல் மூன்றைத் தொடராக இணைத்த பேக், அதற்கு உரிய பாதுகாப்பு போர்டோடு. இந்த ஸ்ட்ரிப் முழு வெளிச்சத்தில் சுமார் 14 வாட், 1.2 ஆம்பியர் இழுக்கும். ஆனால் முழு வெளிச்சம் தேவையே இல்லை. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர் அளவு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 11-இல் பத்தில் ஒரு பங்குக்குக் குறைத்தாலே போதும். கூட்டினால் கதவில் விழும் பட்டை வெந்து வெள்ளையாகிவிடும்.

எக்ஸ்போஷர் 25 நொடி. கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், முழுக்கை. முதுகு கேமராவைப் பார்க்க, ஸ்ட்ரிப் வண்டியைப் பார்க்க, பின் பம்பரிலிருந்து முன் பம்பர் வரை ஒரே சீராக நடக்க வேண்டும். நாலு மீட்டர் வண்டிக்கு 8 முதல் 10 நொடி. நடுவில் நின்றால் உங்கள் உருவம் நிழலாக விழும், அந்த இடத்தில் பட்டையும் தடித்துவிடும். கை ஏறி இறங்கினால் கதவில் கோடு நெளியும். பார்க்கிறவர்கள் வண்டி ஒடுங்கியிருக்கிறது என்றே நினைப்பார்கள். அதைத் தவிர்க்க, ஸ்ட்ரிப்பின் நடுவிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் ஒரு நட்டு கட்டிவிடுங்கள். நட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தால் உயரம் மாறவில்லை என்று பொருள்.

அடுத்த ஃபிரேமில் வண்டிக்கு அந்தப் பக்கம் போய், ஸ்ட்ரிப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழே பார்க்கப் பிடித்து நடங்கள். கூரையும் பானட் விளிம்பும் பின்னணியிலிருந்து பிரிந்து வரும். மூன்றாவது ஃபிரேம் சக்கரங்களுக்கு மட்டும். மூன்றையும் எடிட்டில் 'லைட்டன்' முறையில் (ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் கூடிய ஃபிரேமே தெரியும்படி) அடுக்கினால் படம் தயார். முக்காலி ஒரு மயிரிழை கூட நகர்ந்திருக்கக்கூடாது.

ஒத்தக்கடை எஸ்டீம்:

கறுப்பு வண்டிக்குச் சொன்னதோடு சோடியம் விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சோடியம் விளக்கு இன்னும் எரிகிற ரோட்டில் நீல வண்டி கறுப்பாகும், சிவப்பு வண்டி செங்கல் நிறமாகும். ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிறச் சமன் அமைப்பை) எவ்வளவு இறக்கினாலும் போன நிறம் திரும்பாது, அந்த விளக்கில் நீலமே கிட்டத்தட்ட இல்லை. வெள்ளை, சில்வர் வண்டிக்கு மட்டும் அந்த மஞ்சள் எடுப்பாக இருக்கும். புது எல்இடி விளக்கு ரோடு என்றால் நிறம் சரியாக வரும், ஆனால் பழைய ஹாலஜன் ஹெட்லைட் ரொம்ப மஞ்சளாகத் தெரியும். 4000 கெல்வின் பக்கம் வைத்தால் இரண்டும் பொறுத்துக்கொள்ளும்.

லென்ஸ் விஷயம்: 18 மி.மீ. வைத்துக் கிட்டத்தில் போனால் பம்பர் வீங்கி, பின்பக்கம் சூம்பிவிடும். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. போட்டு 10-12 மீட்டர் தள்ளி, முகப்பு விளக்கு உயரத்தில் வைத்தால் எஸ்டீம், ஜென் போன்ற தாழ்ந்த வண்டிகூட நிஜ அளவில் நிற்கும். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது ரிம்மின் முகம் கேமராவுக்குத் தெரிய வேண்டும், டயரின் தரையில் படும் பக்கம் தெரியக்கூடாது. நடு மூடியில் இருக்கும் சின்னம் நேராக நிற்கும்படி வண்டியை ஒரு ஜாண் முன்னே பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். இது தெரியாதவர் கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்காரர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும்.

மேலூர் காண்டெஸா:

ஓடுகிற மாதிரி படம் எடுப்பதைப் பற்றி எழுதுகிறேன். இன்னொரு வண்டியின் டிக்கியைத் திறந்துவைத்து, கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து எடுப்பதை ரிங் ரோட்டில் பார்க்க முடிகிறது. இருட்டில் பின்னால் வரும் லாரிக்கு அது தெரியாது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்குத் தேவையும் இல்லை.

உறிஞ்சு கப் வைத்த கம்பியை வண்டியிலேயே பொருத்தி, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கப் பொருத்துவது பானட்டிலும் முன் கதவிலும். கம்பி நுனியில் கேமரா, அகலக் கோண லென்ஸ். நடக்கிற வேகம் போதும்: மணிக்கு 3 கி.மீ. என்றால் 4 நொடியில் மூன்று மீட்டருக்கு மேல் நகரும். ரோடும் ரிம்மும் இழுபட்டு, படத்தில் எண்பதில் போகிற வண்டியாகத் தெரியும். எஞ்சினை ஓடவிட்டால் அதன் அதிர்வு கம்பி வழியே ஏறி வண்டியே மங்கிவிடும். ரோடு வழவழப்பாக இருக்க வேண்டும், ஒட்டுப்போட்ட தார் ரோட்டில் கம்பி ஆடும். எஞ்சின் ஓடாவிட்டால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாது, உள்ளே இருப்பவர் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி இருக்கட்டும். இறக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காண்டெஸா, பத்மினி, அம்பாசடர் எல்லாம் எப்போதாவது பட்டி பார்த்து மறுபெயின்ட் அடித்த வண்டிகள்தான். பட்டி போட்ட இடத்தில் கப்பை வைத்து இழுத்தால் பெயின்ட் பட்டியோடு பெயர்ந்து வரும். முதலில் சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்தத் தகட்டில் வைத்துப் பாருங்கள். பிடிப்பு தளர்ந்தால் அங்கே கப் கூடாது. வைக்கிற இடத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டுப் பிறகு வையுங்கள். மேலூர்ப் பக்கக் கல்தூசி ஒரு துகள் உள்ளே இருந்தாலும் காற்று கசிந்து கப் கழன்றுவிடும், பெயின்டிலும் வட்டமாகக் கீறல் விழும். கேமராவிலிருந்து வண்டிக்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டாயம்.

எஃகு நாரைக் கொளுத்திச் சுற்றும் பொறி மழை படத்தையும் சிலர் கேட்கிறார்கள். என் கருத்து, எந்த வண்டிக்கு அருகிலும் அது கூடாது. பறப்பது உருகிய இரும்பு. கிளியர் கோட்டில் (பெயின்டுக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சில்) பதிந்து, பிறகு துரு ஏறி, செம்புள்ளியாக நிற்கும். கண்ணாடியில் பட்டால் தழும்பு போகாது. கோடையில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் யார் பொறுப்பு?

பேரையூர் ரோடு:

நட்சத்திரங்களோடு வண்டி வேண்டுமென்றால் தென்மேற்கே, எங்கள் பக்கம் வாருங்கள். இங்கிருந்து தெற்கே பார்த்து நின்றால் மதுரை வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பால்வெளியின் மையம் நம்ம ஊரில் தெற்கே உச்சிக்கு வரும்போது சுமார் 51 டிகிரி உயரம். அவ்வளவு உயரத்தில் இருந்தால் கிடைமட்டப் படத்தில் வண்டியும் அதுவும் சேர்ந்து அடங்காது. தென்கிழக்கில் எழுந்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். மார்ச் நடுவில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கிலும் ஏப்ரல் நடுவில் பதினொரு மணி வாக்கிலும் எழும். அமாவாசையை ஒட்டிய நாட்கள் மட்டும்.

16 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 நொடி. 20 தாண்டினால் நட்சத்திரம் கோடாகும். இந்த ஐஎஸ்ஓவில் பார்க்கிங் லைட்டைத் தொடவே கூடாது. செல்போன் டார்ச்சை வண்டியின் மேல் நேராக அடிக்காமல், ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையில் அடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தை ஒன்றிரண்டு நொடி காட்டினால் போதும். ஃபோகஸுக்கு நம்பர் பிளேட்டில் டார்ச் அடித்து, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நட்சத்திரத்துக்குத் தனியாக ஒரு ஃபிரேம். 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' (நீண்ட நேரப் படத்தில் விழும் புள்ளிகளைக் கேமராவே நீக்கும் வசதி) இயங்கினால் 30 நொடிப் படத்துக்கு ஒரு நிமிடம் காத்திருக்க நேரும். நேரம் குறைவாக இருந்தால் அணைத்துவிடுங்கள்.

எதிரே பைக் வந்தால் ஷட்டரை நிறுத்த வேண்டியதில்லை. கறுப்பு அட்டையை லென்ஸுக்கு முன்னால், தொடாமல் பிடித்து, பைக் கடந்ததும் எடுத்துவிட்டால் படம் பிழைத்துக்கொள்ளும்.

சாப்டூர் மலையடிவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இரவில் காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள், ஊர் ரோட்டிலேயே இருட்டு போதுமான அளவு இருக்கிறது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லோ சோளமோ காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அந்த ரோட்டை விட்டுவிடுங்கள். கதிர் மேல் டயர் ஏறினால் ஊர் சும்மா விடாது, விடவும் கூடாது. தோட்டத்துப் பக்கம் நிறுத்துவதற்கு முன் வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாயையும் கட்டிவைப்பார்கள்.

பாலியோ 1.6:

ரோந்து போலீஸ் வந்து விசாரிப்பது சகஜம். இருட்டில், கறுப்பு உடையில், காரைச் சுற்றி நாலு பேர் நடந்தால் கேட்கத்தான் செய்வார்கள். ஆர்சி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்று கையில் இருக்கட்டும். கேமரா திரையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள், அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. நம்பர் பிளேட்டை டேப் ஒட்டி மறைக்காதீர்கள், அங்கேதான் சந்தேகமே வரும். மறைப்பதை எடிட்டில் செய்யலாம்.

கீழக்குயில்குடி சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் முக்காலிக்கு அனுமதி வேண்டும். தெப்பக்குளத்தில் வண்டியும் மைய மண்டபமும் சேர்ந்து வேண்டுமென்றால் சுற்றுச்சுவர் குறுக்கே நிற்கும். வழக்கமான முகப்பு விளக்கு உயரம் அங்கே உதவாது. முக்காலியை முழுதும் தூக்கி, சுவருக்கு மேலிருந்து கொஞ்சம் கீழே பார்க்க வையுங்கள். தண்ணீர் நிற்கிற நாளில் மண்டபத்தின் பிம்பமும் கிடைக்கும்.

திருநகர் ஸ்விஃப்ட்:

நன்றி அண்ணே, டிம்மர் விஷயம் புரிந்தது. இன்னும் ஒன்று: ஏசி போட்டுப் போய் இறங்கி எடுத்தால் முதல் சில படங்கள் பனி மூட்டமாகவே வருகின்றன. லென்ஸ் கெட்டுவிட்டதா?

மேலூர் காண்டெஸா:

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. ஏசியில் குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. மழை பெய்த இரவில் அதிகம். துடைத்தால் மறுபடி படியும், கோடும் விழும். இடம் வருவதற்கு அரை மணிக்கு முன்பே ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள், அல்லது கேமராப் பையை டிக்கியில் வையுங்கள். வண்டியின் முன் கண்ணாடியிலும் இதே மூட்டம் வெளிப்பக்கம் ஏறும், அதற்கும் அதே வைத்தியம். வண்டியை நிறுத்தியதும் ஹெட்லைட்டை எரியவிட்டபடி முக்காலி மாட்டிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு 55 வாட் விளக்கும் பார்க்கிங்கும் சேர்ந்து பத்து ஆம்பியருக்கு மேல் தின்னும். பழைய 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் கிளம்பும்போது செல்ஃப் எடுக்காது. ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் கிடக்கட்டும்.